வாசகர் கேள்வி–பதில்: பிடித்த நிலமும் பிடிபட்ட மனிதரும்

இஸ்ரேல்–பாலஸ்தீனத் தகராறில் சர்வதேசச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுப் பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுவதிலிருந்தும் அண்மையில் கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. இந்த இதழில் வேறு எந்தப் பொருளையும் தொடாமல் அவற்றுக்கு மட்டுமே இடம் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், தெளிவாகக் கேட்டிருந்த ஒருவருடையதை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஒரு நாட்டின் சட்டம் இன்னொரு நாட்டில் செல்லாது. அப்படியிருக்க, சர்வதேசச் சட்டம் என்பதை இயற்றியவர் யார்? இஸ்ரேல் அதற்கு ஏன் கட்டுப்பட வேண்டும்?
– தோல் தொழிற்சாலைக் கணக்கர், வாணியம்பாடி

பதில்: எந்த நாடாளுமன்றமும் இந்தச் சட்டத்தை இயற்றவில்லை. நாடுகள் தாமே முன்வந்து ஏற்றுக்கொண்ட ஒப்பந்தங்களும், கடமை என்று கருதி அவை நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் வழக்கங்களும் சேர்ந்ததே அது. போரில் பிடித்த நிலத்தை ஒரு ராணுவம் எப்படி நிர்வகிக்க வேண்டும் என்பதை 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் வரையறுக்கின்றன. பலத்தைக் காட்டி இன்னொருவர் நிலத்தைக் கவர்வதை 1945ஆம் ஆண்டின் ஐ.நா. சாசனம் விலக்குகிறது. பகைவரின் கைக்குள் சிக்கிய பொதுமக்களுக்கு 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா ஒப்பந்தம் பாதுகாப்பு அளிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பா முழுவதும் ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளில் யூதர்களும் மற்றவர்களும் அனுபவித்த கொடுமைகள் கண்முன் நின்ற காலத்தில் எழுதப்பட்டது அந்த ஒப்பந்தம். இஸ்ரேல் 1951இல் அதை முறைப்படி ஏற்றது. பாலஸ்தீனம் 2014இல் அதில் இணைந்தது. ஹேக் விதிகளை வழக்கச் சட்டம் என்று இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே ஏற்று, தன் தீர்ப்புகளில் கையாண்டு வருகிறது. ஆகவே வெளியார் யாரோ தலையில் கட்டிய சட்டம் என்று இதைச் சொல்ல முடியாது.

கேள்வி: 1948க்கு முன் பாலஸ்தீனம் என்ற சுதந்திர நாடே இருந்ததில்லை. மேற்குக் கரையை இஸ்ரேல் பிடித்தது ஜோர்டானிடமிருந்து. ஜோர்டானுக்கும் அதன்மேல் உரிமை கிடையாது. உரிமையாளரே இல்லாத நிலத்தை ஆக்கிரமிப்பு என்று எப்படிச் சொல்வது?
– ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், குடியாத்தம்

பதில்: இஸ்ரேல் அரசின் சட்ட வல்லுநர்கள் 1967 முதல் முன்வைத்துவரும் மிக முக்கியமான வாதத்தைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதை எளிதில் தள்ளிவிட முடியாது என்பதால் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

உதுமானியப் பேரரசு வீழ்ந்தபின் 1922இல், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேசச் சங்கம் பாலஸ்தீனத்தைப் பிரிட்டனின் பொறுப்பில் விட்டது. யூதர்களுக்கு அங்கே ஒரு தேசிய இல்லம் அமைய உதவ வேண்டும் என்பதும், அங்கே வாழும் மற்றவர்களின் குடிமை உரிமைகளுக்கும் சமய உரிமைகளுக்கும் ஊறு நேரக்கூடாது என்பதும் அந்த ஏற்பாட்டிலேயே இருந்தன. 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை அந்நிலத்தை யூத நாடாகவும் அரபு நாடாகவும் பிரிக்கும்படி 33க்கு 13 என்ற வாக்குக் கணக்கில் பரிந்துரைத்தது. பத்து நாடுகள் வாக்களிக்கவில்லை. அதற்கு முன் அந்தப் பிரச்சினையை ஆராய்ந்த 11 நாட்டுக் குழுவில் இந்தியாவும் இருந்தது. பிரிவினை வேண்டாம், ஒரே கூட்டாட்சியாக இருக்கட்டும் என்று ஈரான், யூகோஸ்லாவியா ஆகியவற்றோடு சேர்ந்து இந்தியா மாற்று யோசனை சொன்னது. தன் நிலமே அந்த ஆண்டில் இரண்டாகக் கிழிந்துகொண்டிருந்த ஒரு நாடு சொன்ன யோசனை அது. இன்றைக்கும் மதித்துப் படிக்கத்தக்கது.

யூதத் தலைமை பிரிவினையை ஏற்றது, அரபுத் தரப்பு மறுத்தது. போர் மூண்டது. 1949இல் இஸ்ரேலும் அண்டை நாடுகளும் போர்நிறுத்த உடன்படிக்கைகளைச் செய்துகொண்டன. அவற்றில் வரைந்த கோட்டைத்தான் பச்சைக் கோடு என்கிறோம். அது அரசியல் எல்லை ஆகாது என்று எகிப்துடனான உடன்படிக்கை வெளிப்படையாகவே சொல்கிறது. 1950இல் ஜோர்டான் மேற்குக் கரையைத் தன்னோடு இணைத்துக்கொண்டதை மிகச் சில நாடுகளே ஏற்றன. இதுவரை நீங்கள் சொல்வது சரி.

ஆனால் இவற்றிலிருந்து நீங்கள் வரும் முடிவு சரியன்று. முந்தைய ஆட்சியாளருக்குப் பட்டயம் இருந்ததா என்று ஜெனீவா ஒப்பந்தம் கேட்பதில்லை. இரு நாடுகளுக்கிடையே போர் நடந்ததா, அதில் ஒரு நிலம் பகைப் படையின் கைக்குப் போனதா, அங்கே மக்கள் இருக்கிறார்களா என்பதையே அது கேட்கிறது. மக்களைக் காக்க எழுதப்பட்ட ஒப்பந்தம் ஆட்சியாளர்களின் வில்லங்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தால் அந்த மக்களுக்கு யார் துணை? இவ்வாறே 2004 ஜூலை 9 அன்று ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றமும் விளக்கம் தந்தது. அதற்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே இஸ்ரேலுக்குள்ளிருந்தே எச்சரிக்கை வந்திருந்தது. மேற்குக் கரையை இஸ்ரேல் பிடித்த போர் முடிந்து மூன்று மாதம் கழித்து, 1967 செப்டம்பரில், இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகராக இருந்த தியோடர் மெரோன், பிடித்த நிலங்களில் பொதுமக்களைக் குடியேற்றுவது நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தின் வெளிப்படையான விதிகளுக்கு முரணானது என்று பிரதமர் லெவி எஷ்கோலின் அலுவலகத்துக்கு எழுதினார். போலந்தில் பிறந்து, நாஜிகளின் உழைப்பு முகாமில் சிறுவயதைக் கழித்து உயிர் தப்பியவர் அவர். அந்தக் குறிப்பு 'மிக ரகசியம்' என்ற முத்திரையோடு கோப்பில் உறங்கியது; குடியேற்றங்கள் எழுந்தன.

இன்னொன்று: உரிமையாளர் இல்லாத நிலம் என்று எதையும் இங்கே சொல்ல இயலாது. அங்கே வாழும் மக்கள் தம் அரசியல் எதிர்காலத்தைத் தாமே முடிவுசெய்யும் உரிமை உடையவர்கள் என்பதே இன்றைய சட்டம். யூத மக்கள் தம் நாட்டை அமைத்துக்கொண்டதும் அதே உரிமையின் பேரில்தான்.

கேள்வி: குடியேற்றங்களில் பல அரசுப் புறம்போக்கில் கட்டப்பட்டவை, சில விலை கொடுத்து வாங்கிய இடத்தில் கட்டப்பட்டவை என்று படித்தேன். யாருடைய பட்டா நிலத்தையும் பறிக்காதபோது அதில் என்ன குற்றம்?
– விவசாயி, அணைக்கட்டு

பதில்: பட்டா, சிட்டா, அடங்கல் என்று ஆயுள் முழுவதும் தாலுகா அலுவலகத்துக்கு நடந்த ஒருவரிடமிருந்து வந்த கேள்வி என்பது தெரிகிறது. இந்தத் தகராறின் உயிர்நாடியே இங்கேதான் இருக்கிறது; ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

தொடக்க ஆண்டுகளில் பாலஸ்தீனர்களின் தனியார் நிலத்தையே ராணுவத் தேவை என்று சொல்லிக் கையகப்படுத்திக் குடியேற்றங்களுக்குக் கொடுத்தார்கள். 1979இல் நாப்லஸ் நகருக்கு அருகே ருஜைப் என்ற ஊரின் நில உரிமையாளர்கள் இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்கள். எலோன் மோரே வழக்கு என்று அது பெயர் பெற்றது. அந்த இடத்தில் குடியேற்றம் இருப்பது பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்று ராணுவத் தலைமைத் தளபதி வாக்குமூலம் கொடுத்தார். அதே பதவியில் முன்பு இருந்த ஹைம் பார்–லெவ், அதனால் பாதுகாப்புக்கு எந்தப் பயனும் இல்லை என்று எதிர் வாக்குமூலம் கொடுத்தார். வழக்கைத் தீர்த்துவைத்தவர்கள் குடியேறிகளே. நாங்கள் ராணுவத்துக்காக வரவில்லை, இறைவன் எங்கள் முன்னோருக்கு வாக்களித்த மண் என்பதால் வந்தோம், நிரந்தரமாக இருக்கவே வந்தோம் என்று அவர்கள் நீதிமன்றத்தில் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார்கள். நிரந்தரமாக இருக்க வந்தவர்களுக்காகத் தற்காலிக ராணுவத் தேவை என்று சொல்லி ஒருவர் நிலத்தை எடுக்க முடியாது என்று கூறி, அந்த இடத்தைக் காலி செய்யும்படி 1979 அக்டோபரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. துணிவும் நேர்மையும் உள்ள தீர்ப்பு.

ஆனால் அதற்குப் பிறகு வேறு வழி பிடித்தார்கள். 1858ஆம் ஆண்டின் உதுமானிய நிலச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். அந்தச் சட்டத்தின்படி, பத்து ஆண்டுகள் தொடர்ந்து உழுது பயிரிட்டவனுக்கு நிலத்தில் உரிமை பிறக்கும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தரிசாக விட்டால் அந்த உரிமை போய்விடலாம். ஊர் ஓரத்தில் நின்று ஒருவன் உரக்கக் கூவினால் எங்கே குரல் எட்டாதோ அதற்கப்பால் உள்ள வெற்று நிலம் 'செத்த நிலம்', அதுவும் அரசினுடையது. மேற்குக் கரையின் மலைச்சரிவுகளில் ஒரே நிலத்தில் நான்கு ஒலிவ மரங்களும், இடையே பாறையும், பாறைக்கு அப்பால் ஒரு துண்டுக் கோதுமையும் இருக்கும். வானிலிருந்து எடுத்த படங்களை வைத்து, பயிர் தெரியாத பகுதியை எல்லாம் அரசு நிலம் என்று அறிவித்தார்கள். ஆட்சேபிக்க 45 நாள் அவகாசம் உண்டு. ஆட்சேபத்தை விசாரிப்பது ராணுவம் அமைத்த குழு. நிரூபிக்கும் சுமை விவசாயியின் தலையில். அவரிடம் பத்திரம் இருக்காது. ஏனென்றால் ஜோர்டான் காலத்தில் தொடங்கிய நிலப் பதிவு மேற்குக் கரையின் மூன்றில் ஒரு பங்கை எட்டியிருந்தபோதே, 1968இல் இஸ்ரேல் ராணுவம் ஓர் ஆணையின் மூலம் அதை நிறுத்திவிட்டது. நம் ஊர் நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர். கணக்கில் பெயர் விடுபட்டு, தாத்தா காலத்திலிருந்து உழுத நிலம் புறம்போக்கு என்று ஏறிவிட்டதால் அலைந்தவர்கள் நம் பக்கத்தில் ஊருக்கு நாலு பேர் உண்டு. மீண்டும் பெயரேற்றும் அலுவலகமே மூடப்பட்டிருந்தால் அவர்கள் நிலை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, உண்மையிலேயே யாருக்கும் சொந்தமில்லாத அரசு நிலம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது ஆக்கிரமித்தவரின் சொத்து ஆகாது. ஹேக் விதிகளின் 55ஆம் பிரிவு அவரை அறங்காவலர் நிலையில் வைக்கிறது. நிலத்தைப் பராமரிக்கலாம், பலனை எடுக்கலாம், தன் மக்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க முடியாது. விலைக்கு வாங்கிய இடத்திலும் சிக்கல் தீராது. ஜெனீவா ஒப்பந்தத்தின் 49ஆம் பிரிவு நிலத்தின் உரிமையைப் பற்றிப் பேசவில்லை, மக்களைக் கொண்டுவந்து இருத்துவதைப் பற்றிப் பேசுகிறது: ஆக்கிரமித்த நாடு தன் சொந்தக் குடிமக்களில் ஒரு பகுதியினரை அந்நிலத்துக்கு மாற்றக்கூடாது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, அவரவர் விருப்பப்படி போனார்கள் என்று இஸ்ரேல் தரப்பு வாதாடுகிறது. சாலை, குடிநீர், மானியம், வரிச்சலுகை, ராணுவக் காவல் ஆகிய அத்தனையையும் அரசே கொடுத்து ஊக்குவித்தபின் அந்த வாதம் நிற்காது என்று 2004இல் சர்வதேச நீதிமன்றம் கூறியது. இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் 1990களில் செய்துகொண்ட ஓஸ்லோ உடன்படிக்கை குடியேற்றங்களை இறுதிப் பேச்சுவார்த்தைக்கு ஒத்திவைத்தது என்பதும் இஸ்ரேலின் இன்னொரு வாதம். பேச ஒத்திவைத்ததால் அதுவரை கட்டிக்கொண்டே போக உரிமை கிடைத்துவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது என்பது என் கருத்து. இன்று கிழக்கு ஜெருசலேமையும் சேர்த்து ஏழு லட்சம் குடியேறிகள் அளவில் அங்கே வாழ்கிறார்கள். ஒரே மலையில் குடியேறிகளில் ஒருவர் தவறு செய்தால் இஸ்ரேலின் சாதாரண நீதிமன்றத்துக்குப் போகிறார். பக்கத்து ஊர்ப் பாலஸ்தீனர் ராணுவ நீதிமன்றத்துக்குப் போகிறார்.

2024 ஜூலை 19 அன்று சர்வதேச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. குடியேற்றங்கள் மட்டுமல்லாமல், ஆக்கிரமித்த நிலத்தில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பதே சட்டவிரோதம் என்றும், இயன்ற விரைவில் அது முடிவுக்கு வர வேண்டும் என்றும் 11க்கு 4 என்ற பெரும்பான்மையில் கூறியது. இந்திய நீதிபதி தல்வீர் பண்டாரி பெரும்பான்மையோடு இருந்தார்.

கேள்வி: ஆக்கிரமிப்பு சட்டவிரோதம் என்றால் அதை எதிர்ப்பது சட்டப்படி சரி. அப்படியானால் 2023 அக்டோபர் 7 தாக்குதலை விடுதலைப் போராட்டம் என்று சொல்வதில் என்ன தவறு?
– சட்டக் கல்லூரி மாணவர், ஆம்பூர்

பதில்: முழுத் தவறு. ஒரு மக்களுக்கு விடுதலை கேட்கும் உரிமை இருப்பது வேறு, அந்த உரிமையின் பெயரால் எதையும் செய்யலாம் என்பது வேறு. அன்று, காசாவை ஆண்டுவந்த ஹமாஸ் இயக்கத்தின் தலைமையில் நடந்த தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் பொதுமக்கள். இசை விழாவில் ஆடிக்கொண்டிருந்த இளைஞர்களும் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்களும் அவர்களுள் அடக்கம். சுமார் 250 பேரைப் பணயக்கைதிகளாகக் காசாவுக்கு இழுத்துச் சென்றார்கள். குழந்தைகளும் எண்பது வயதைத் தாண்டியவர்களும் அதில் இருந்தார்கள். நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களுக்கும் பொதுவான மூன்றாம் பிரிவு பணயக்கைதி பிடிப்பதை எந்தக் காலத்திலும் எந்த இடத்திலும் தடைசெய்கிறது. அரசுப் படைக்கும் ஆயுதக் குழுவுக்கும் அந்தத் தடை ஒன்றே. நாடுகளை அன்றித் தனி மனிதரை விசாரிக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஹமாஸ் தளபதி முகமது தைஃபுக்கு 2024 நவம்பரில் பிறப்பித்த பிடி ஆணையில் கொலை, பூண்டோடு அழித்தல், சித்திரவதை, பாலியல் வன்கொடுமை, பணயக்கைதி பிடித்தல் ஆகிய குற்றங்கள் இடம்பெற்றன. அவர் இறந்தது உறுதியானபின் அந்த ஆணை முடித்துவைக்கப்பட்டது. சட்டம் படிக்கும் நீங்கள், எதிரி செய்த குற்றத்தைத் தன் குற்றத்துக்குச் சாக்காகக் காட்டுவதை எந்த நீதிமன்றத்திலும் எடுத்துவைக்க முடியாது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, நான் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பள்ளிக்குள்ளும் மருத்துவமனைக்கு அடியிலும் ஒளிந்துகொண்டு சுடும் எதிரியோடு சண்டையிடும் படைக்கு, பொதுமக்களைக் காப்பாற்று என்று உபதேசம் செய்வது நடைமுறைக்கு ஒத்துவருமா?
– முன்னாள் படைவீரர், கம்மவான்பேட்டை

பதில்: போர்க்களம் பார்த்த நீங்கள் கேட்பதால், சட்டம் வீரனிடம் உண்மையில் எதைக் கேட்கிறது என்பதையே சொல்கிறேன். பொதுமக்கள் ஒருவர்கூட இறக்கக்கூடாது என்று அது கேட்கவில்லை. பொதுமக்களையே குறிவைக்காதே, ராணுவ இலக்கைத் தாக்கும்போது அதனால் கிடைக்கும் ராணுவப் பயனைவிடப் பொதுமக்களுக்கு ஏற்படும் அழிவு அளவுமீறி இருக்கும் என்று தெரிந்தால் தாக்காதே, தாக்குமுன் அழிவைக் குறைக்க இயன்ற முயற்சியை எல்லாம் செய். இவ்வளவுதான். ஹமாஸ் பொதுமக்களைக் கேடயமாக்கினால் அது ஹமாஸ் செய்யும் போர்க்குற்றம். ஆனால் கேடயமாக நிறுத்தப்பட்ட குழந்தை அதனால் தன் பாதுகாப்பை இழந்துவிடாது. மருத்துவமனை எதிரியைத் தாக்கும் செயலுக்குப் பயன்பட்டால் தன் தனிக் காப்பை இழக்கக்கூடும். அப்போதும் எச்சரிக்கை கொடுத்து, நியாயமான அவகாசம் விட்டு, அது கேட்கப்படாத பிறகே என்று ஜெனீவா ஒப்பந்தத்தின் 19ஆம் பிரிவு நிபந்தனை விதிக்கிறது. ஒவ்வொரு குண்டுவீச்சிலும் இந்தக் கணக்கு சரியாகப் போடப்பட்டதா என்பதை வெளியிலிருந்து தீர்ப்பளிப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். காசா சுகாதார அமைச்சகத்தின் கணக்கில் இறந்தோர் தொகை 2025 நடுவிலேயே 60,000ஐத் தாண்டிவிட்ட நிலையில், அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதும் முடியாது.

ஆனால் இதில் கடினமே இல்லாத ஒன்று உண்டு. அது பட்டினி. 2023 அக்டோபர் 9 அன்று இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சர் யோவ் காலன்ட், காசாவுக்கு மின்சாரம், உணவு, எரிபொருள் எதுவும் போகாது என்று முழு முற்றுகையை அறிவித்தார். 2025 மார்ச் 2 முதல் இரண்டரை மாத காலம் நிவாரணப் பொருள் எதுவும் உள்ளே விடப்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 22 அன்று, உணவு நெருக்கடியை அளக்கும் சர்வதேச அமைப்பு காசா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக உறுதிசெய்தது. இஸ்ரேல் அதை மறுத்தது. மறைந்து சுடும் எதிரி என்ற காரணம் மாவு மூட்டைக்குப் பொருந்தாது. நிவாரணத்தை ஹமாஸ் களவாடுகிறது என்றால் கண்காணிப்பைக் கூட்டலாம், வாயிலை அடைக்க முடியாது. பிரதமர் நெதன்யாகுவுக்கும் காலன்டுக்கும் குற்றவியல் நீதிமன்றம் பிறப்பித்த பிடி ஆணைகளில் பட்டினியைப் போர்முறையாகக் கையாண்ட குற்றம் இருப்பது இதனால்தான். அவர்கள் இருவரும் அதை மறுக்கிறார்கள். விசாரணை இன்னும் நடக்கவில்லை.

கேள்வி: காசாவில் நடந்தது இனப்படுகொலை என்று உலக நீதிமன்றம் தீர்ப்புக் கூறிவிட்டதா? எங்கள் விடுதியில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது.
– செவிலியர், வேலூர்

பதில்: இல்லை. தென் ஆப்பிரிக்கா 2023 டிசம்பர் 29 அன்று தொடுத்த வழக்கு நிலுவையில் இருக்கிறது. 2024 ஜனவரி 26 அன்று நீதிமன்றம் பிறப்பித்தவை இடைக்கால ஆணைகள். இனப்படுகொலையிலிருந்து பாதுகாக்கப்படும் பாலஸ்தீனர்களின் உரிமை நம்பத்தக்க வகையில் எழுப்பப்பட்டிருக்கிறது, அதற்கு ஆபத்து இருக்கிறது, ஆகவே இஸ்ரேல் அத்தகைய செயல்களைத் தடுக்க வேண்டும், நிவாரணத்தை அனுமதிக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். பணயக்கைதிகளை உடனே நிபந்தனையின்றி விடுவிக்க வேண்டும் என்றும் அதே ஆணையில் நீதிமன்றம் கேட்டுக்கொண்டது.

தீர்ப்புக்குக் காலம் பிடிப்பதற்குக் காரணம், இந்தக் குற்றத்தில் செயலோடு நோக்கத்தையும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ஒரு மக்கள் கூட்டத்தை அந்தக் கூட்டம் என்பதற்காகவே முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்ததைக் காட்ட வேண்டும். போஸ்னியா வழக்கில் 2007இல் இதே நீதிமன்றம் ஸ்ரெப்ரெனிகா படுகொலையை மட்டும் இனப்படுகொலை என்று ஏற்று, ஏனைய பல கொடுமைகளுக்கு அந்த நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று விட்டது. இதற்கிடையே ஐ.நா. மனித உரிமைப் பேரவை அமைத்த விசாரணை ஆணையம், காசாவில் இஸ்ரேல் இனப்படுகொலை செய்திருக்கிறது என்று 2025 செப்டம்பரில் அறிக்கை தந்தது. டர்பன் நகரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை அப்போது அதன் தலைவராக இருந்தார். ருவாண்டா தீர்ப்பாயத்தில் 1998இல், சர்வதேச நீதிமன்றம் ஒன்று வழங்கிய முதல் இனப்படுகொலைத் தண்டனையை அளித்த அமர்வில் இருந்தவர். அவர் சொல்வதைக் கனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஆணையத்தின் முடிவு நீதிமன்றத்தின் தீர்ப்பு ஆகாது. இஸ்ரேலும் அதை முற்றாக நிராகரித்திருக்கிறது. எந்தப் பெயரில் தீர்ப்பு வந்தாலும் வராவிட்டாலும், மேலே சொன்ன போர்க்குற்றங்கள் தம்மளவில் குற்றங்களே.

கேள்வி: நான் பிறந்ததே முகாமில்தான்; ஊரைப் பற்றி அப்பா சொல்லித்தான் தெரியும். பாலஸ்தீன அகதிகள் முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும் திரும்பிப் போகும் உரிமை கேட்பது சட்டத்தில் நிற்குமா?
– இளைஞர், மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்

பதில்: தம்பி, உங்கள் கேள்விக்கு உறுதியான ஒரு வரியில் விடை சொல்ல இயலவில்லை. 1948 போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 11 அன்று பொதுச்சபை நிறைவேற்றிய 194ஆம் தீர்மானம், அண்டையரோடு சமாதானமாக வாழ விரும்புவோரைச் சாத்தியமான விரைவில் வீடு திரும்ப அனுமதிக்க வேண்டும், திரும்ப விரும்பாதவர்களுக்குச் சொத்துக்கு ஈடு தர வேண்டும் என்றது. பொதுச்சபைத் தீர்மானம் பரிந்துரைதான், கட்டளை அன்று என்பது இஸ்ரேலின் பதில். அரபு நாடுகளிலிருந்து வெளியேறிய லட்சக்கணக்கான யூதர்களும் சொத்திழந்தவர்களே என்பதையும், அத்தனை பேரும் திரும்பினால் யூதர்களுக்கான நாடாக இஸ்ரேல் நிலைக்காது என்பதையும் அது சுட்டுகிறது. இவற்றில் முதலாவதை நான் மதிக்கிறேன். அந்த யூதர்களுக்கும் ஈடு கிடைக்க வேண்டும். இரண்டாவது அச்சம் புரிந்துகொள்ளத்தக்கது, ஆனால் தனி மனிதரின் உரிமையை அதுவே ரத்துசெய்துவிடாது. பேச்சுவார்த்தையில் எத்தனை பேர் எங்கே திரும்புவது என்பது பேரத்துக்கு உரியது. ஈடு என்பது பேரத்துக்கு உரியது என்று நான் நினைக்கவில்லை.

பேரப்பிள்ளைகள் எப்படி அகதிகள் என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஐ.நா.வின் நிவாரண நிறுவனத்தில் இன்று சுமார் 59 லட்சம் பேர் பதிவாகியிருப்பதை வைத்து எழும் கேள்வி அது. தீர்வு கிடைக்காமல் நீளும் எந்த அகதி நிலையிலும் பிள்ளைகளுக்கும் அந்த நிலையே தொடர்கிறது; பாலஸ்தீனர்களுக்கு மட்டும் தந்த சலுகை இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவே இல்லை என்பதை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு உரிய குடியுரிமை வழியை இந்த நாடு இன்னும் திறக்காதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கேள்வி: இதில் இந்தியா யார் பக்கம்?
– வியாபாரி, திருப்பத்தூர்

பதில்: 1947இல் பிரிவினைத் திட்டத்தை எதிர்த்து வாக்களித்தது, 1950இல் இஸ்ரேலை ஏற்றது, 1988இல் பாலஸ்தீனத்தையும் ஏற்றது, 1992இல் இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவு கொண்டது. இரு நாடுகள் அருகருகே வாழ வேண்டும் என்பதே இன்றுவரை அறிவித்த கொள்கை. ஆனால் மேலே சொன்ன சர்வதேச நீதிமன்றத்தின் 2024 ஜூலைக் கருத்துரையைச் செயல்படுத்தக் கோரி 2024 செப்டம்பர் 18 அன்று பொதுச்சபையில் வந்த தீர்மானத்தை 124 நாடுகள் ஆதரித்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. 2025 ஜூனில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்திலும் ஒதுங்கியது. செப்டம்பரில் இரு நாட்டுத் தீர்வுக்கான பிரகடனத்தை ஆதரித்தது. காலனி ஆட்சியை எதிர்த்து நின்ற நாடு பசித்த குழந்தைகளைப் பற்றிய வாக்கெடுப்பில் ஒதுங்கி நின்றதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: நீதிமன்றம் கருத்துச் சொல்கிறது, யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?
– பட்டு நெசவாளர், ஆரணி

பதில்: அமலாக்கும் கை இந்தச் சட்டத்துக்கு மெலிந்தே இருக்கிறது. தீர்ப்பை மீறும் நாட்டின்மீது நடவடிக்கை எடுக்க வேண்டியது பாதுகாப்புச் சபை. அங்கே அமெரிக்காவின் வீட்டோ என்ற தடுப்பு அதிகாரம் இஸ்ரேலைக் காக்கிறது. 2024 ஏப்ரலில் பாலஸ்தீனத்துக்கு முழு உறுப்புரிமை தரும் தீர்மானத்துக்கு 12 நாடுகள் ஆதரவளித்தும் ஒரே கை அதைத் தடுத்தது. குற்றவியல் நீதிமன்றத்துக்குச் சொந்தக் காவல் படை இல்லை. உறுப்பு நாடுகள் கைதுசெய்து ஒப்படைத்தால்தான் உண்டு.

ஆனாலும் பயனே இல்லை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. நமீபியாவில் தென் ஆப்பிரிக்கா இருப்பது சட்டவிரோதம் என்று 1971இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தபோது தென் ஆப்பிரிக்கா அதைக் குப்பையில் போட்டது. 1990இல் நமீபியா சுதந்திரம் பெற்றது. கருத்துரை தனியாக அதைச் சாதிக்கவில்லை, போராட்டமும் பொருளாதார நெருக்கடியும் சாதித்தன. ஆனால் அந்தப் போராட்டத்துக்கு நியாயத்தின் முத்திரையைத் தந்தது அதுதான். 2004 ஜூனில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம், எட்டுப் பாலஸ்தீன ஊர்களின் நிலத்தை வெட்டிச் சென்ற, மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பிய தடுப்புச் சுவரின் பாதையில் பெரும்பகுதியை, மக்களுக்கு நேரும் இன்னல் அளவுமீறியது என்று ரத்துசெய்தது. சுவர் இடம் மாறியது, சில ஊர்களுக்குத் தோப்புகள் திரும்பக் கிடைத்தன. 2024 செப்டம்பரில் பிரிட்டன், மனிதாபிமானச் சட்டம் மீறப்படும் ஆபத்தைக் காரணம் காட்டி இஸ்ரேலுக்கான சுமார் 350 ஆயுத உரிமங்களில் 30 அளவில் நிறுத்திவைத்தது. போதுமா என்றால் போதாது. 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்து, உயிரோடிருந்த பணயக்கைதிகள் அனைவரும் வீடு திரும்பியது அமெரிக்காவின் அழுத்தத்தால் நடந்தது, நீதிமன்ற ஆணையால் நடக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கேள்வி: இதை முறையாகப் படிக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?
– கல்லூரி மாணவி, காட்பாடி

பதில்: விளக்க உரைகளை ஒதுக்கிவிட்டு மூலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தில் 159 பிரிவுகள் உண்டு. செஞ்சிலுவைச் சங்கத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் பொதுவான மூன்றாம் பிரிவையும், 27 முதல் 34 வரையிலும், பிறகு ஆக்கிரமித்த நிலத்தைப் பற்றிய 47 முதல் 78 வரையிலும் படியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அடுத்து 2024 ஜூலைக் கருத்துரையைப் படிக்கும்போது, அதோடு மாறுபட்ட நீதிபதி ஜூலியா செபுடிண்டேயின் உரையையும் சேர்த்துப் படியுங்கள். இஸ்ரேல் தரப்புக்குச் சார்பான வாதங்கள் அதில் விரிவாக இருக்கின்றன. அவற்றுக்கு உங்களால் விடை எழுத முடிகிறதா என்று பார்த்து, எழுதினால் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள்.